காரணம் எழுத இடமில்லாத சீட்டு

ஓட்டுப் போட வருகிறவர்கள் சாவடிக்குள் அரசியல் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் பேசிவிட்டுத்தான் போவார்கள். பட்டியலில் பெயர் தேடும் நேரத்திலும், விரலில் மை காயும் நேரத்திலும் நாலு வார்த்தை வந்து விழும். "இந்தத் தடவ அவருக்கு இருக்குதுங்க" என்பார் ஒருவர். "ஓட்டுக் கேக்க வந்ததோட சரி, அப்புறம் ஆளையே காணோம்" என்பார் அடுத்தவர். ஒரு முறை ஒரு ஆத்தா என் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஏனுங்க வாத்தியாரே, யாருமே வேண்டாங்கறதுக்கு எங்க குத்தோணும்?" என்று கேட்டது. நோட்டா வருவதற்குப் பல வருடம் முந்தைய கதை இது. ஏஜென்டுகள் சிரித்தார்கள். சீட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது என்று சொல்லி அனுப்பினேன்.

நான் ஈரோடு பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டில் வாத்தியார் உத்தியோகத்தோடு ஒட்டி வருவது எலெக்‌ஷன் டூட்டி. முந்தின நாள் மத்தியானம் பெட்டி, மை, அரக்கு, கட்டுக்கட்டாகப் படிவங்கள் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு லாரியில் ஏறுவோம். ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் கொசுக்கடியோடு ராத்திரி கழியும். விடியற்காலையில் ஏஜென்டுகளுக்கு முன்னால் காலிப் பெட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டிவிட்டு சீல் வைக்க வேண்டும். என் முதல் டூட்டி 1984 டிசம்பரில். எங்கள் ஈரோடு பெரியார் மாவட்டமாக இருந்த காலம். எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். ஆண்டிபட்டிக்கு ஒரு நாள்கூட ஓட்டுக் கேட்க வராமலே ஜெயித்தார். அதற்குப் பிறகு நடந்த பொதுத்தேர்தல்களில் பெரும்பாலும் ஏதாவது ஒரு சாவடியிலோ, ஓட்டு எண்ணும் மேசையிலோ இருந்திருக்கிறேன்.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்: பதவியில் இருப்பவரைத் தோற்கடிப்பதில் நம் ஜனங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் எதற்காகத் தோற்கடித்தோம் என்று சொல்லத்தான் நம்மிடம் வழியில்லை. சீட்டு பேரை மட்டும்தான் கேட்கும், காரணத்தைக் கேட்காது. தோற்றவர் தனக்குச் சௌகரியமான ஒரு காரணத்தை எடுத்துக்கொள்வார். கூட்டணி சரியில்லை என்பார், சாதி ஓட்டுப் பிரிந்தது என்பார், எதிராளி பணம் கொடுத்தான் என்பார். ஜெயித்தவரோ, தன் பொன்னான முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டு விழுந்தது என்று நினைத்துக்கொள்வார்.

1967-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். காமராஜர் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கி அப்போது மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அரிசித் தட்டுப்பாடும், 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகளும் பக்தவத்சலம் காலத்துக் கணக்கு. இருந்தாலும் அடி இருவருக்கும் ஒன்றாக விழுந்தது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் அதற்குப் பிறகு ஆட்சிக்கு வரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேர்தலில் தி.மு.க. தனியாக வாங்கிய ஓட்டைவிடக் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு ஒரு துளி அதிகம். இரண்டுமே 41 சதவீதத்தை ஒட்டியவை. அண்ணாவின் கூட்டணி ஓட்டுகளைச் சிதறவிடாமல் சேர்த்ததுதான் ஆட்சியை மாற்றியது. விருதுநகரில் விழுந்த அடி அரிசிக்கா, இந்திக்கா, கட்சிக்கா என்று காமராஜருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1969 ஜனவரியில், நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவரை ஜனங்கள் ஜெயிக்க வைத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1996-ல் பர்கூர். பதவியில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதா, இ.ஜி. சுகவனத்திடம் 8,366 ஓட்டில் தோற்றார். 1991-ல் காங்கிரஸோடு சேர்ந்து 225 இடங்களைப் பிடித்த கட்சி, மொத்தத் தமிழ்நாட்டிலும் 4 இடத்துக்கு வந்து நின்றது. அந்த வருடம் ஓட்டு எண்ணும் மேசையில் இருந்த எங்களுக்குக் கை ஓயவில்லை. உதயசூரியன் கட்டும் சைக்கிள் கட்டும் உயர்ந்துகொண்டே போயின. ஜனங்கள் ஊழலை என்றைக்குமாகத் தண்டித்துவிட்டார்கள் என்று அன்றைக்கு எழுதாத பத்திரிகை இல்லை. ஐந்து வருடத்தில் அதே கட்சி 132 இடத்தோடு திரும்பி வந்தது. 1989-லிருந்து 2011 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் முந்தைய தடவை ஜெயித்த கட்சி தோற்றது. வெளியே அனுப்பப்பட்டவர்கள் அஞ்சு வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கதவு திறந்ததும் எழுந்து உள்ளே போனார்கள்.

பிரணாய் ராயும் தொராப் சொபாரிவாலாவும் இந்தியத் தேர்தல்களைப் பற்றி 2019-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். 1977-லிருந்து 2002 வரையிலான காலத்தைக் கோபக்கார வாக்காளரின் காலம் என்று அதில் பிரிக்கிறார்கள். அந்தக் கால்நூற்றாண்டில் தேர்தலைச் சந்தித்த அரசுகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு வீட்டுக்குப் போயினவாம். அதற்குப் பிறகு பாதிக்குப் பாதி. அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே நாடாளுமன்றத்தை வாய் ஓயாமல் திட்டுவார்கள். ஆனால் கீழவையில் மறுபடி நிற்கிற உறுப்பினர்களில் பெரும்பாலான தேர்தல்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஜெயித்துவிடுவார்கள். திட்டுவது மொத்த மன்றத்தை, ஓட்டு நம்மூர் ஆளுக்கு. நம்மிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது.

காகிதச் சீட்டு இருந்த காலத்தில் கோபத்துக்கு ஒரு சின்னச் சந்து இருந்தது. முத்திரை குத்தாமல், சட்டைப் பையிலிருக்கும் பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதிவிடுவார்கள். எண்ணும்போது அது செல்லாத சீட்டு. தனிக் கட்டில் போய்விடும். எந்த ஊர், எந்தத் தேர்தல் என்று சொல்ல மாட்டேன், ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். பெரிய தேர்தல்களில் எழுதியிருப்பவை பெரும்பாலும் வசவு: திருடன், எல்லாம் ஒண்ணுதான், இந்த மாதிரி. ஊராட்சித் தேர்தல் சீட்டுகளில் எழுதியிருப்பவை வேறு ரகம்: ஒரு தெருவின் பெயர், எரியாத விளக்கு, வராத குழாய்த் தண்ணீர். நாலடி தூரத்தில் இருக்கிற தலைவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது ஜனங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்து தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது. அதில் கிறுக்க முடியாது. கிராம ஊராட்சித் தேர்தலில் மட்டும் இன்னும் காகிதம்தான், பதவிக்கு ஒரு நிறமாக.

காரணத்தைச் சொல்ல முடியாததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2011-ஐ நினைத்துப் பாருங்கள். எங்கள் பகுதியில் விசைத்தறி ஓட்டுபவர்களும் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களும் மின்வெட்டுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க. 23 இடத்தோடு நின்றது. அடுத்த வருடம் மின்வெட்டு தீர்ந்ததா? 2012-ல்தான் உச்சத்துக்குப் போனது; கிராமங்களில் கரண்டு இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்தது. அனல் மின் நிலையம் கட்ட ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். மேட்டூரில் முந்தைய ஆட்சியில் வேலை தொடங்கிய 600 மெகாவாட் அலகு 2013-ல்தான் உற்பத்திக்கு வந்தது. கூடங்குளத்தின் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்ததும் அந்த வருடக் கடைசியில்தான். ஆக, மின்சாரம் போதவில்லை என்று ஒருவரைத் தண்டித்தோம். அவர் காலத்தில் போட்ட அஸ்திவாரத்தின் பலன் அடுத்தவர் கணக்கில் ஏறியது. கட்டாமல் விட்டது இன்னும் முந்தையவர்கள். இதில் யார் குற்றவாளி என்று ஒரு பொத்தானை அழுத்திச் சொல்ல வழியில்லை.

இன்னொரு குழப்பம், யாரை எதற்குத் திட்டுகிறோம் என்பது. சட்டமன்ற உறுப்பினரின் வேலை சட்டம் இயற்றுவதும், அரசின் கணக்கைக் கேட்பதும். ஆனால் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். எனவே அவையில் அவர் கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். ஊருக்கு வந்தால் தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு, பட்டா தாலுகா ஆபீசில், டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்தில், வாய்க்கால் தண்ணீர் நீர்வளத் துறையில். எம்.எல்.ஏ.வால் முடிவது சிபாரிசு. கூடவே வருடத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி. இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள தொகுதிக்கு அந்தப் பணம் எந்த மூலைக்கு? கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் எழவுக்கும் தவறாமல் வருகிறவர் நல்ல எம்.எல்.ஏ. என்று நாமும் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறோம். அவரும் மொய்க் கவரோடு ஓடிக்கொண்டிருக்கிறார்.

தெருவிளக்குக்குப் பொறுப்பானவரை மாற்ற வேண்டுமென்றால் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் அறிவித்து, நீதிமன்றம் ரத்து செய்து, இழுத்து இழுத்து ஊரகத்துக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது; அதுவும் ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு. அவற்றுக்கு 2021 அக்டோபரில். நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. இத்தனை வருடம் தனி அலுவலர்கள் என்ற பெயரில் அதிகாரிகள் நிர்வாகம். 2025 ஜனவரியில் எங்கள் ஊராட்சிகளின் ஐந்து வருடம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர். இரண்டு கழகங்களின் ஆட்சியிலும் இது நடந்திருக்கிறது என்பதால் யாரையும் தனியாகக் குறை சொல்லவில்லை. இருவரையும் சேர்த்தே சொல்கிறேன். சின்னக் கோபத்தைக் காட்டச் சின்னத் தேர்தல் இல்லாவிட்டால், சாக்கடைக் கோபம் முழுக்கச் சேர்ந்து சட்டமன்றத் தேர்தலில் வந்து கொட்டும். அதைப் பார்த்துவிட்டு டெல்லியிலிருந்து வருகிற நிருபர்கள் "அலை" என்று எழுதுவார்கள்.

காரணத்தைச் சீட்டிலேயே ஏற்றிவிட்ட ஊர் ஒன்று உண்டு. அது எங்கள் ஊருக்குப் பக்கம்தான். மொடக்குறிச்சி, 1996. தங்கள் கோரிக்கைகளை எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று பொருமிக்கொண்டிருந்த விவசாயிகள், ஓட்டுப் போடாமல் இருப்பதற்குப் பதிலாக, ஆளாளுக்கு ஒரு வேட்புமனுவைத் தாக்கல் செய்தார்கள். டெபாசிட் அப்போது 250 ரூபாய். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இத்தனை வேட்பாளர்கள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. சுயேச்சை ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சின்னம் ஒதுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் அத்தனை சின்னத்துக்கு எங்கே போவது? வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடித்தார்கள்.

அந்தத் தொகுதியில் டூட்டி பார்த்த சக ஆசிரியர்கள் வருடக்கணக்கில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை ஹாலில் விடைத்தாள் கொடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு புத்தகம். வாங்கிய பெரியவர்கள் நின்ற இடத்திலேயே புரட்டுவார்களாம். "எம் பேரு எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?" என்று வேட்பாளரே வந்து கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. நம்பலாமா என்று தெரியாது. ஆனால் 88 வேட்பாளர்கள் ஒரு ஓட்டுக்கூட வாங்கவில்லை என்பது பதிவான உண்மை. தங்கள் ஓட்டையே தங்களுக்குப் போட்டுக்கொள்ளாத 88 பேர்! ஜெயிக்க வந்தவர்கள் இல்லை, சீட்டைக் கனமாக்க வந்தவர்கள்.

ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். (அத்தனை பேரைத் தாண்டி வந்தவர், அதே மொடக்குறிச்சியில் 2021-ல் வெறும் 281 ஓட்டில் தோற்றார்.) அதே 1996-ல் அன்றைய ஆந்திராவின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். அங்கே நிலத்தடி நீரில் புளோரைடு. குழந்தைகளுக்கு எலும்பு வளைந்துகொண்டிருந்தது. குடிதண்ணீருக்காகத்தான் அத்தனை மனுக்கள். அரசாங்கம் இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் என்ன பாடம் படித்தது? டெபாசிட்டை உயர்த்தியது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் 5,000 ஆனது, மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆனது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி சாராதவர் நின்றால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். பிறகு டெபாசிட் 10,000, 25,000 என்று இன்னும் ஏறியது. குறை சொல்ல வந்தவரிடம் கட்டணம் வசூலித்ததுபோல் ஆயிற்று. கண்ட கண்டவர் விளையாட்டுக்கு நிற்பதைத் தடுக்க இது வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மொடக்குறிச்சியில் யாரும் விளையாட்டுக்கு நிற்கவில்லை.

இருபத்து மூன்று வருடம் கழித்து மஞ்சள் அந்தக் கதவை மறுபடி தட்டியது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போட்டியென்றால் அது தெலங்கானாவின் நிஜாமாபாத். விலை விழும்போது இரண்டு ஊர் விவசாயிகளும் சேர்ந்தே விழுவார்கள். மஞ்சளுக்கு ஆதார விலை வேண்டும், தனி வாரியம் வேண்டும் என்று கேட்டுச் சலித்த நிஜாமாபாத் விவசாயிகள், 2019 மக்களவைத் தேர்தலில் அந்த 25,000 ரூபாயைக் கட்டியே கூட்டமாக நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். அதில் 170-க்கும் மேற்பட்டவர்கள் விவசாயிகள். ஒரு வாக்குப்பதிவு அலகில் 16 பொத்தான். நோட்டாவோடு சேர்த்து 186 பொத்தானுக்கு ஒவ்வொரு சாவடியிலும் 12 அலகுகளை வரிசையாக வைத்தார்கள். அதைச் சுமந்து போன வாத்தியார்களை நினைத்தால் எனக்கு இடுப்பு வலிக்கிறது.

பதவியில் இருந்த எம்.பி., அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா, தோற்றார். ஜெயித்த பா.ஜ.க.வின் தர்மபுரி அரவிந்த், மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். சொன்ன வேகத்தில் வரவில்லை. அந்தத் தாளை விவசாயிகள் அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டே இருந்தார்கள். தேசிய மஞ்சள் வாரியம், நிஜாமாபாத்தைத் தலைமையிடமாக வைத்து, 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆறு வருடம் தாமதம்தான். வாரியத்தால் விலை நிற்குமா என்பதும் வேறு கேள்வி. ஆனால் கவிதா எதற்காகத் தோற்றார் என்று நாட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்து வந்தவருக்கும் தன்னை எதை வைத்து அளப்பார்கள் என்று தெரிந்திருந்தது.

ஆத்தா கேட்ட கேள்விக்கு வருகிறேன். யாருமே வேண்டாம் என்பதற்கு ஒரு வழி விதிப்புத்தகத்தில் ஒளிந்திருந்தது. 1961-ன் தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓட்டுப் போட விருப்பமில்லை என்று சொன்னால், சாவடித் தலைமை அலுவலர் 17-ஏ பதிவேட்டில் அதை எழுதி மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். 2011-ல் என் சாவடிக்கு வந்த ஒரு பையன், "49-ஓ ஃபாரம் குடுங்க சார்" என்றான். தனி ஃபாரம் எதுவும் கிடையாது என்று சொல்லிப் பதிவேட்டைத் திருப்பினேன். அந்த நொடியில் ஏஜென்டுகள் அத்தனை பேரும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "இது நம்ம தறிக்காரர் பையனாச்சே" என்று சத்தமாகவே சொன்னார். ரகசிய வாக்கெடுப்பு அவ்வளவுதான்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் நோட்டாவுக்கு உத்தரவிட்டது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிற்பாடு அதற்குச் சின்னம் வரைந்து கொடுத்தது. 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் நோட்டாவுக்கு 46,559 ஓட்டு. நாட்டிலேயே அதுதான் அதிகம், தொகுதியில் மூன்றாம் இடம். 2024-ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவைத் திரும்பப் பெற்றதும், நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்தது. ஆனாலும் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். நோட்டா முதலிடம் பிடித்தாலும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அடுத்த இடத்தில் இருக்கிற வேட்பாளர்தான் உறுப்பினர். வேண்டாம் என்று சொல்ல இடம் கிடைத்தது. ஏன் வேண்டாம் என்பதற்கு அங்கேயும் இடமில்லை.

இதற்கிடையில் கட்சிகள் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொண்டன. கோபம் ஆள் மேல்தான் என்றால், ஆளை மாற்றிவிட்டால் போயிற்று. 2017-ல் டெல்லி மாநகராட்சித் தேர்தலில், பத்து வருடமாக ஆண்டுகொண்டிருந்த பா.ஜ.க., பதவியில் இருந்த கவுன்சிலர்களில் ஒருவருக்குக்கூட டிக்கெட் கொடுக்கவில்லை. எல்லாம் புதுமுகம். 181 இடம் ஜெயித்தது. குஜராத்தில் 2021 செப்டம்பரில் முதலமைச்சரையும் அமைச்சர்கள் எல்லாரையும் ஒரே மூச்சில் மாற்றினார்கள். அடுத்த வருடத் தேர்தலில் 156 இடம். நம்மூரிலும் "சிட்டிங்குக்கு சீட் இல்லை" என்ற பேச்சு தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கிளம்பிவிடும். குப்பை அள்ளாத கோபம் குப்பை அள்ளாத கட்சிக்குப் போய்ச் சேராமல், பெயர் தெரியாத பழைய கவுன்சிலரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

இவ்வளவு சொல்வதால் வாக்காளருக்கு விவரம் போதாது என்று அர்த்தமில்லை. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் எம்.ஜி.ஆர். கட்சிக்கு இரண்டே இடம். அதைக் காட்டி அவர் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அதே ஜனங்கள் அவருக்கு 129 இடம் கொடுத்தார்கள். டெல்லிக்கு வேறு, கோட்டைக்கு வேறு என்று பிரித்துப் போடத் தெரிந்தவர்கள்தான். 2016-ல் ஏறக்குறைய ஒரு சதவீத ஓட்டு வித்தியாசத்தில் ஆளுங்கட்சியையே மறுபடி உட்கார வைத்தார்கள். 1984-க்குப் பிறகு அது முதல் தடவை. மாற்றியே தீர வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு இல்லை.

திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயணன் 1970-களிலேயே கேட்டது அது. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்களுக்கு அது சட்டத்தில் இருக்கிறது. 2008-ல் சத்தீஸ்கரில் மூன்று தலைவர்களை ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். உள்ளாட்சியில் இருக்கலாம் என்பேன். எம்.எல்.ஏ.வுக்கு என்றால் எனக்குச் சம்மதமில்லை. தோற்றவர் மறுநாளே கையெழுத்து வாங்கக் கிளம்பிவிடுவார். ஐந்து வருடமும் தேர்தல் சுவரொட்டியாகவே போகும். அதைவிட இருக்கிற காகிதங்களைப் படிப்பது லாபம். வேட்பாளர் ஒவ்வொருவரும் படிவம் 26-ல் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் பிரமாணம் செய்து கொடுக்கிறார். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பதவியில் இருப்பவர் போன தடவை கொடுத்ததையும் இந்தத் தடவை கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னிடம் படித்த பையன்கள் சிலர் அதை அச்சடித்து டீக்கடைப் பெஞ்சில் போட்டுவிடுகிறார்கள். பேச்சு தானாக நடக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு நான் தவறாமல் போகிற இடம் கிராம சபை. முன்பு வருடத்துக்கு நான்கு. இப்போது உலகத் தண்ணீர் நாளையும் உள்ளாட்சி நாளையும் சேர்த்து ஆறு. பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும், வந்தவர்களில் பாதி நூறு நாள் வேலை அட்டைக்காக வந்தவர்கள். எங்கள் ஊரில் ஒரு அம்மா, மகளிர் குழுவைச் சேர்ந்தவர், மூன்று கூட்டமாக ஒரே சாக்கடையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசிக் கூட்டத்தில் செயலாளர், "அது ஊராட்சி வேலை இல்லீங்க, எம்.எல்.ஏ. நிதியில எடுத்துக்கறதாச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"ஆபீஸ்ல சொன்னாங்கம்மா."

"அப்ப அத அப்படியே தீர்மானப் புஸ்தகத்துல எழுதுங்க. எம்.எல்.ஏ. நிதியில பண்றதாச் சொன்னாங்கன்னு. தேதி போட்டு எழுதுங்க."

எழுதத் தயங்கினார், தனி அலுவலரைப் பார்த்தார், பிறகு எழுதினார். அந்த அம்மா எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். "சொன்னாங்க"வை வெட்டிவிட்டு "உறுதி" என்று போட முடியுமா என்று கேட்டார், முடியாது என்றார்கள். சரி, எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்க வரும்போது இந்தப் பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும், எவ்வளவு கட்டணம் என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து சில்லறையை எடுத்தார்.